குமாஸ்தாவின் தொப்பை

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் தெற்கு ரத வீதியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரை ஐந்தாறு வருடம் கழித்துச் சந்தித்தேன். பிடித்த கையை அவர் விடவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சார், இப்படி இளைச்சிட்டீங்க? சுகரா? வேற எதுவுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒன்றுமில்லை, மூன்று வருடமாக நடக்கிறேன், சோற்றைக் குறைத்தேன், ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது" என்றேன். அவர் நம்பவில்லை. மதுரையில் ஒரு டாக்டர் இருப்பதாகவும், எதற்கும் ஒரு தடவை காட்டிவிடும்படியும் சொல்லி, போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் வயதுக்காரர்களுக்கு இளைப்பு என்றால் கெட்ட சொல். மூச்சு வாங்குவதும் இளைப்புதான், உடம்பு வற்றுவதும் இளைப்புதான். காசநோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்திருந்த ஊர் இது. லீவுக்கு வரும் பேரனைப் பார்த்து "பிள்ளை தேறவே இல்லையே" என்று பாட்டி கண் கலங்குவாள். கொஞ்சம் சதை போட்டுவிட்டால் "பூசினாப்ல இருக்கு" என்று கன்னத்தைத் தடவுவாள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சிலும் இதே கதைதான். உடல் பருத்திருப்பதற்கு அங்கே 'ஆன்போன்புவேன்' என்று ஒரு சொல் உண்டு. பிரித்துப் பார்த்தால் 'நல்ல நிலையில்' என்றுதான் பொருள். பசியைப் பார்த்த சமூகங்கள் எல்லாம் சதையை ஆரோக்கியம் என்றே பெயரிட்டிருக்கின்றன.

நம் பகுதி பசியைப் பார்த்த பகுதி. 1876 இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் அம்மாச்சி தன் பாட்டி சொன்னதாகச் சொல்லுவார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் பள்ளிக்கூட லீவுக்கு ராஜபாளையம் வந்த அறுபதுகளில், மாதக் கடைசியில் அரிசிச் சோறு எல்லா வீட்டிலும் இருக்காது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு அத்தனை வீட்டுக்குள்ளும் புகுந்ததற்குக் காரணம் அதுதான். மலையடிவாரத்தில் நெல்லும் மாந்தோப்பும் உண்டு. கிழக்கே கரிசல் காட்டுக்குப் போனால் கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு. காலையில் கம்மங்கூழ், இரவில் சோளச்சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அதைப் போட்டுவிட்டால் அந்த வீடு உயர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் காலத்து மனிதர்கள் சிறுதானியம் தின்றதால் ஒல்லியாக இருந்தார்கள் என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். 2023 ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து அந்தப் பேச்சு கூடிவிட்டது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அவர்கள் ஒல்லியாக இருந்ததற்கு முதல் காரணம், போதுமான அளவு கிடைக்கவில்லை. இரண்டாவது காரணம், கிடைத்ததைவிட அதிகம் உழைத்தார்கள். குதிரைவாலி தோசை என்று பெயர் வைத்து நெய் ஊற்றி ஐந்து தின்கிறவரை நான் தினமும் பார்க்கிறேன். தானியத்தின் மேல் தப்பு சொல்லவில்லை. நார்ச்சத்து உள்ளது, நல்லதுதான். ஆனால் தட்டில் தானியத்தை மட்டும் மாற்றிவிட்டு, தட்டைச் சுற்றியிருந்த வாழ்க்கை மாறியதை மறந்துவிடுகிறோம்.

அந்த மாற்றத்தை அலுவலகக் கோப்பு மாதிரி வருட வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு நல்ல காரியம். அதுதான் இதில் உள்ள சிக்கல்.

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்தது 1927 இல். அதற்கு முன் வண்டி மாடு, இல்லாவிட்டால் கால். ரயிலும் பிறகு பஸ்ஸும் வந்த பின்னாலும்கூட ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலான 12 கிலோமீட்டரை நடந்தே கடந்தவர்கள் வெகு காலம் இருந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு எங்கள் தாத்தா நடந்துதான் போவார். போய்ச் சேர்ந்து, வடத்தையும் பிடிப்பார். தேர் நிலைக்கு வர நாள் கணக்கில் ஆன காலம் அது. அடுத்து மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936 இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பிறகு இந்த ஊரின் கடிகாரமே மில் சங்குதான். ஷிப்டு மாறும் நேரத்தில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரிசை வரிசையாக ஆட்கள் வருவார்கள். முதலில் நடந்து, பிறகு சைக்கிளில். மில்லுக்குள்ளே எட்டு மணி நேரம் நின்றே வேலை. ரயிலும் மில்லும் நம்மை உட்கார வைக்கவில்லை. அது பிறகு வந்தது.

எண்பதுகளில் எல்லாம் ஒன்றாக வந்தது. 1980 இல் டிவிஎஸ் 50 வந்தது. அதே வருடம் நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தது. அது சமூகத்துக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அடங்கல் எழுத வயல் வயலாக வரப்பில் நடந்த அந்தப் பழைய கணக்குப்பிள்ளைகளில் ஒருவரைக்கூட நான் தொப்பையோடு பார்த்ததில்லை. பிறகு வந்தவர்கள் மொபெட்டில் வந்தார்கள். 1985 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து காமராஜர் மாவட்டம் ஆக்கினார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டம். புதுப் பிரிவுகள், புது நாற்காலிகள், எனக்கும் ஒரு நாற்காலி. கொடைக்கானல் மலையிலிருந்து டி.வி. படம் வந்தது. மாலையில் ஜவகர் மைதானத்துக்குக் காலாற வந்துகொண்டிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

வீட்டுக்குள் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. உரல், உலக்கை, திரிகை, அம்மி, ஆட்டுக்கல் ஐந்தும் என் கல்யாணத்தின்போது எங்கள் வீட்டில் இருந்தன. தண்ணீர் தெருக்குழாயிலிருந்து குடத்தில். முதலில் ரைஸ் மில் உலக்கையை எடுத்துக்கொண்டது. பிறகு மிக்சி அம்மியை எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர்கள் உருவாக்கிய கிரைண்டர் ஆட்டுக்கல்லைப் பின்கட்டுக்கு அனுப்பியது. 2011 இல் அரசே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுத்தது. விலையில்லா அரிசியும் அதே வருடம்தான். "ஆட்டுக்கல் இருந்தவரை பெண்களுக்கு நோய் இல்லை" என்று ஒரு கல்யாண வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டுவிட்டாள். "அப்படீன்னா நாளைலேர்ந்து நீங்க ஆட்டுங்களேன். தோள்பட்டை வலியும் அந்தக் கல்லுலதான் வந்துச்சு, தெரியுமா?" என்றாள். அதன் பிறகு அந்த வசனத்தை நான் எங்கும் சொல்வதில்லை. அந்தக் கல் திரும்பி வர வேண்டாம். அது எடுத்துக்கொண்டிருந்த உழைப்புக்கு ஈடாக வேறொன்று வந்திருக்க வேண்டும், அது வரவில்லை என்பதுதான் விஷயம்.

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர், அதுவும் நம் நாட்டிலேயே, கண்டுபிடித்து அச்சில் ஏற்றியிருக்கிறார். ழான் மேயர் என்று பெயர். 1920 இல் பாரிஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சுதந்திர பிரெஞ்சுப் படையில் இருந்தவர். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் சத்துணவியல் பேராசிரியர் ஆனார். 1969 இல் அமெரிக்க ஜனாதிபதி கூட்டிய உணவு மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். முதலில் அவர் எலிகளை வைத்துச் சோதித்தார். தினமும் ஒரு மணி நேரம் ஓடவிட்ட எலி, சும்மா இருந்த எலியைவிடக் கூடுதலாகத் தின்னவில்லை, கொஞ்சம் குறைவாகவே தின்றது. மனிதனுக்கும் இது பொருந்துமா என்று பார்க்க அவருக்கு ஒரே இடத்தில், ஒரே மாதிரி சாப்பாட்டோடு, மிக லேசான வேலையிலிருந்து மிகக் கடினமான வேலைவரை செய்கிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் ஒரு சணல் மில்லில் அது கிடைத்தது. பூர்ணிமா ராய், காமாக்ய பிரசாத் மித்ரா என்ற இரு வங்காள ஆய்வாளர்களும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1956 இல் வெளியானது.

மில் வளாகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் கடைக்காரர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள், சணல் மூட்டை தூக்கும் கூலிகள் என்று இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களை எடை பார்த்து, அவர்கள் தின்பதைக் கணக்கிட்டார்கள். உழைப்பு கூடக்கூட சாப்பாடு கூடியது. எடை கூடவில்லை. இது நமக்கும் தெரிந்ததுதான். உழைப்பு குறைந்து ஒரு கோட்டுக்குக் கீழே போனபோது நடந்ததுதான் புதிது. சாப்பாடும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அது குறையவில்லை, மாறாகக் கூடியது. கடைக்காரர்களும் உட்கார்ந்த வேலைக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஈடாகத் தின்றார்கள். எடையில் அவர்கள்தான் மேலே. அதாவது, அசைகிற உடம்புக்குத் தன் பசி தெரிகிறது. அசையாத உடம்புக்கு அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலித்தது. முப்பத்தைந்து வருடம் பிரிவில் உட்கார்ந்து, பதினோரு மணிக்கு வடை, நாலு மணிக்கு மிக்சர், யாருக்காவது ஆர்டர் வந்தால் பால்கோவா என்று இருந்தவன் நான். பசித்துத் தின்றது எத்தனை நாள் என்று யோசித்தால் நினைவில்லை. ஊரும் லேசுப்பட்டதல்ல. ஒரு பக்கம் பாலையும் சர்க்கரையையும் விறகடுப்பில் சுண்டக் காய்ச்சி 2019 இல் புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பு, இன்னொரு பக்கம் விருதுநகர் எண்ணெய் பரோட்டா.

மேயருக்கு மூன்று வருடம் முன்னால், 1953 இல், லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். கண்டக்டர் தினம் ஐந்நூறு, அறுநூறு படி ஏறி இறங்குகிறார், டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம், வந்தால் உயிர் பிழைப்பதும் குறைவு. அதே ஆய்வில் தபால்காரர்களையும் அலுவலகக் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டார். முடிவை நான் எழுதத் தேவையில்லை. என் பிரிவில் இருந்த ஒருவர் ஓய்வு பெற்ற ஏழாவது மாதம் மாரடைப்பில் போனார். பென்ஷன் கோப்பை நான்தான் முடித்துக் கொடுத்தேன். அவர் மனைவி கையெழுத்துப் போட வந்த நாளில் நான் என் இடுப்பு பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தேன்.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். கல்யாணத்தின்போது என் எடை 52 கிலோ. ஓய்வு பெறும்போது 71. கொரோனா இரண்டாவது அலை அடங்கி வெளியே வந்தபோது 78. உயரம் 165 சென்டிமீட்டர். 45 வருடத்தில் 26 கிலோ. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் சொச்சம்! இரண்டு மூன்று புளியங்கொட்டை எடை. எந்த ஒரு வேளைச் சாப்பாட்டின் மேலும் பழி போட முடியாது.

எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் கணக்கையும் பிரெஞ்சில் எழுதியவர் ஒருவர்தான் தொடங்கினார். அடோல்ஃப் கெட்லே, பெல்ஜியம் நாட்டு வானியல் அறிஞர். நட்சத்திரங்களை அளந்தவர் மனிதர்களையும் அளக்க ஆரம்பித்து, வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது என்று 1830களில் எழுதினார். அவர் அதை வைத்தியத்துக்காகச் செய்யவில்லை, சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ளச் செய்தார். 1972 இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்கர் அதே கணக்குக்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்தார். எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுக்க வேண்டும். எனக்கு 28.6 வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை சரி, 30 க்கு மேல் பருமன். நமக்கு 23 லேயே எச்சரிக்கை மணி, 25 இல் பருமன்.

ஏன் நமக்கு மட்டும் இந்த ஓரவஞ்சனை என்று கேட்கலாம். புனேயில் யாக்னிக் என்ற டாக்டரும் லண்டனில் யட்கின் என்ற டாக்டரும் ஒன்றாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு 2004 இல் லான்செட் பத்திரிகையில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. உடம்பில் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. கையும் காலும் குச்சி, வயிற்றுக்குள் கொழுப்பு. பல தலைமுறை அரைவயிற்றுத் தாய்மார்களுக்கு எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படி அமைகிறது என்பது யாக்னிக் போன்றவர்களின் விளக்கம். அப்படிப் பிறந்த தலைமுறை நாம். தாது வருடமும் ரேஷன் வரிசையும் நம் வயிற்றில் இன்னும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நமக்குத் தராசைவிட அளவு நாடா முக்கியம். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 க்குள். தையல்காரர் கணக்கில் முப்பத்தைந்தரை அங்குலமும் முப்பத்தொன்றரையும்.

78 ஐப் பார்த்துப் பயந்து நான் முதலில் செய்தது முட்டாள்தனம். ஒரு தெரிந்தவர் மூலமாக ஒரு கம்பெனியின் பொடி வந்தது. டப்பா விலையைச் சொன்னால் என் மனைவிக்கு இன்றும் கோபம் வரும். இரண்டு வேளை அந்தப் பொடிக் கரைசல், ஒரு வேளை அரைச் சாப்பாடு. ஐந்து வாரத்தில் ஆறு கிலோ இறங்கியது. தலை சுற்றியது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை. பொடியை நிறுத்திய நாலு மாதத்தில் ஆறும் திரும்ப வந்தது. எங்கள் குடும்ப டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "சார், இந்த வயசுல வேகமா இறக்கினா கொழுப்போட தசையும் சேர்ந்து போகும். எடை திரும்ப வரும்போது கொழுப்பா மட்டும்தான் வரும்" என்றார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார். என்னால் முடியவில்லை.

அவர்தான் சென்னை ஆய்வைப் பற்றிச் சொன்னார். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். 2006 இல் முடிவுகள் வெளியாயின. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர். பெரும்பாலும் நடுத்தர வர்க்கம், அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். சராசரி வயது 46, பிஎம்ஐ 26 க்குச் சற்றுக் குறைவு. நம் மாதிரி ஆட்கள்தான். நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை. ஒரு பிரிவுக்குப் பழக்க மாற்றம். ஒரு பிரிவுக்கு மாத்திரை. ஒரு பிரிவுக்கு இரண்டும். பழக்க மாற்றம் என்றால் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. தினம் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைப்பது, சர்க்கரையைத் தவிர்ப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது. ஏற்கெனவே நடக்கிறவர்களும் உடல் உழைப்பு உள்ளவர்களும் அதையே தொடரும்படி சொல்லப்பட்டார்கள்.

மூன்று வருடத்தில் ஒன்றும் செய்யாத பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்கு. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு விஷயம். பழக்கத்தை மாற்றிய அந்தப் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு அசையவில்லை, நோய் மட்டும் பின்வாங்கியது. 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சராசரியாக ஐந்தரை கிலோ இறக்கியவர்களுக்கு நன்மை இன்னும் அதிகம் என்பது உண்மைதான். இறங்கினால் நல்லது. இறங்காவிட்டாலும் நடந்த நடை வீணில்லை. பொடி டப்பாவில் இதை யாரும் அச்சடிப்பதில்லை, அடித்தால் டப்பா விற்காது.

இன்னொரு சென்னைக் கதை எனக்குப் பிடித்தது. டாக்டர் வி. மோகனின் குழு தொண்ணூறுகளில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் மக்களைப் பரிசோதித்தது. திருமங்கலம் குடியிருப்புவாசிகளுக்கு, நடப்பது நல்லது என்று புரிந்தது, நடக்க இடம் இல்லை. அவர்களே காசு போட்டு ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முதலில் நூற்றுக்கு 14 பேர். சில வருடம் கழித்து மறுபடி கணக்கெடுத்தால் 58 பேருக்கு மேல். உபதேசத்தோடு ஒரு பாதையும் கிடைத்ததால் வந்த வித்தியாசம் அது. 2023 நவம்பரில் நம் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்ததை நான் அதனால்தான் வரவேற்றேன். ஆனால் எட்டு கிலோமீட்டர் என்றதும் என் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

எட்டு கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்டப் பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1965 வாக்கில் ஒரு ஜப்பானியக் கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. விற்பனைக்கு வைத்த முழு எண். 2019 இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். தினம் 2700 அடி நடந்தவர்களைவிட 4400 அடி நடந்தவர்களுக்கு மரணம் வெகுவாகக் குறைவு. 7500 வரை போகப் போக நன்மை கூடியது, அதற்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. 4400 அடி என்றால் மூன்று கிலோமீட்டர் சொச்சம். திருமுக்குளத்தையும் ரத வீதிகளையும் சுற்றினால் வந்துவிடும். ராஜபாளையத்தில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து மாயூரநாதசுவாமி கோயிலுக்குப் போய் வந்தால் பலருக்குத் தேறும்.

நான் செய்ததைக் கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மாதம் சாப்பாட்டைத் தொடவே இல்லை. காலையில் பத்து நிமிட நடை, அவ்வளவுதான். இரண்டாம் மாதம் இருபது. காபியில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆனது, ஒன்று ஆனது, ஆறு மாதத்தில் போய்விட்டது. மூன்றாம் மாதம் மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி காய் வந்தது. பிறகு இரவுச் சாப்பாடு ஒன்பதிலிருந்து ஏழரைக்கு நகர்ந்தது. இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு அதிகம், சீரியல் நேரம். மாலையில் மிக்சருக்குப் பதில் அவித்த பயறு, மொச்சை அல்லது கொண்டைக்கடலை. தசைக்கு அதுவும் வேண்டும், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. தினம் பத்துத் தடவை கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவேன். பால்கோவாவை விடவில்லை. மாதம் ஒரு தடவை, நூறு கிராம், இரண்டு பேருக்கு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. ஒன்றும் செய்யாமலே எடை இறங்கினால் என் நண்பர் சொன்னது சரி, உடனே காட்ட வேண்டும்.

முதல் நாலு மாதம் தராசில் ஒரு கிலோகூட இறங்கவில்லை. சென்னை ஆய்வைப் படித்திருக்காவிட்டால் விட்டிருப்பேன். பிறகு மாதம் கால் கிலோ வீதம் இறங்கியது, சில மாதம் ஏறியது. இப்போது 69. பிஎம்ஐ 25.3. கணக்குப்படி நான் இன்னும் பருமன்தான்! ஆனால் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே வந்திருக்கிறது. போன புரட்டாசியில் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் படிகளை நிற்காமல் ஏறினேன். சதுரகிரிக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏற ஆசை இருக்கிறது, மனைவி அனுமதி தரவில்லை.

அந்த நண்பருக்கு மறுநாள் போன் செய்து, டாக்டர் நம்பர் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் திருமுக்குளத்துக்கு வாருங்கள், பத்து நிமிஷம்தான் என்றேன். ஆறே காலுக்கு வந்தார், தோல் செருப்போடு. நான் மெதுவாகத்தான் நடந்தேன். பாதிச் சுற்றில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சார், நம்ம ஆபீஸ்ல இருந்து பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் இருக்கும்? நான் ஒருநாளாவது நடந்திருப்பேனா?" என்று கேட்டார். எனக்கும் நினைவில்லை என்றேன். பத்து நிமிஷம் முடிந்ததும் டீக்கடையைக் காட்டினார். சர்க்கரை இல்லாமல் ஒன்று, அரைச் சர்க்கரையில் ஒன்று சொன்னேன். அரைச் சர்க்கரை அவருக்கு.